ராணி சவுரியைக் கழற்றிய ஞாயிற்றுக்கிழமை

நம் தோட்டத்து இளைஞர் மன்றம் இந்த வருஷம் போடப்போகும் நாடகத்தில் வசனம் முழுவதையும் முன்கூட்டியே டேப்பில் பதிந்துவிட்டார்களாம். நடிக்கிறவர்கள் மேடையில் நின்று வாயை அசைத்தால் போதுமாம். மன்றத்தின் காரியதரிசி ஜெயந்தி வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். "வசனம் மறந்துபோயிருமேங்கிற பயமே இல்லைங்க மாமா. படுதாவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு எடுத்துக் குடுக்க ஆளும் வேணாம்" என்றாள். அதே மூச்சில், "ஒங்க காலத்துல எப்பிடிச் சமாளிச்சீங்க? விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்றும் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டாமாம்! அந்த ஆள் மட்டும் இல்லாவிட்டால் எங்கள் ஒத்தக்கல் தோட்டத்தில் நாடகம் என்ற ஒன்றே இருந்திருக்காது. கோபம் தணிவதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். பிழை இருந்தால் ஜெயந்தி திருத்திக்கொள்ளட்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ராக்கப்பன். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கக் கான் வெட்டுவது என் தொழில். முப்பத்தெட்டு வருஷம் வெட்டினேன். வாரத்தில் ஆறு நாள் மண்வெட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மகாராணி. அந்தக் காலத்தில் பெண் வேஷத்துக்குப் பெண்கள் வரமாட்டார்கள். எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, இடுப்பும் ஒல்லி. அந்த இரண்டு குறைகளையும் வைத்துக்கொண்டு ஐம்பதுகளின் தொடக்கத்தில் நாடக சபையில் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் தோழியாக நின்று சாமரம் வீசினேன். நான்காம் வருஷம் ராணியானேன். நான் அழகான ராணி. இதை நானே சொல்லக் கூடாதுதான், ஆனால் சொல்லக்கூடிய மற்றவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

எங்கள் சபைக்கு எல்லாமே கண்டாக்கையா. மலை வேலை முழுவதையும் மேற்பார்க்கும் உத்தியோகஸ்தரைத்தான் அப்போது கண்டாக்கு என்போம். ஒல்லியான, நெட்டையான மனிதர். காக்கி அரைக்கால்சட்டை, முழங்கால்வரை இழுத்துவிட்ட காலுறை, தேய்த்துப் பளபளக்கும் சப்பாத்து, கையில் பிரம்பு. நாடகங்களை எழுதியவரும் அவரே, பழக்கியவரும் அவரே. ஆனால் மேடை ஏறியதே இல்லை. ஏறக் கூடாது. உத்தியோகஸ்தர் தொழிலாளியோடு சரிசமமாக நிற்பது அப்போது நடக்காத காரியம். அவர் பாதையில் வந்தால் நாங்கள் ஒதுங்கிக் கானுக்குள் இறங்குவோம், குடையை மடக்குவோம், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "சலாமுங்கய்யா" என்போம். கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுகிற மாதிரி அது தானாக நடக்கும். யாரும் யோசித்துச் செய்ததில்லை.

ஆகவே கண்டாக்கையா மேடையின் பின்னால், சாக்குப் படுதாவில் போட்ட ஓட்டைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுப்பார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. உதடு அசையாது. வசனம் மறந்துபோனவன் காதில் மட்டும் சத்தம் விழும். பக்கத்தில் நிற்கிற மந்திரிக்குக்கூடக் கேட்காது. அவர்தான் உள்ளே இருக்கிறார் என்பது தோட்டம் முழுக்கத் தெரியும். தோட்டத்தையே ஆளும் துரைக்கு மட்டும் தெரியாது.

ஒத்திகை பிள்ளைக்காம்பராவில் நடக்கும். வேலை நாள்களில் கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடக்கும். கூரையிலிருந்து வரிசையாகத் தொட்டில் சேலைகள் தொங்கும், அவற்றுக்கு நடுவேதான் எங்கள் ராஜசபை. யாராவது வாளை ஓங்கினால் நான்கு தொட்டில் ஆடும். அரண்மனையில் எப்போதும் லேசாகப் பால் வாடை அடிக்கும்.

காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு மாதிரியே ஒத்திகையும் பெயர் கூப்பிட்டுத்தான் தொடங்கும்.

"ராஜா?"

"வந்தேங்கய்யா."

"மந்திரி?"

"வந்தேங்கய்யா."

"ராணி?"

"வந்தேங்கய்யா."

"டேய், ராணி யாருக்குடா ஐயா போடுவா?"

"சரிங்கய்யா."

அவர் தலையில் அடித்துக்கொள்வார். பாடம் சொல்லிக் கொடுக்கும்போதும் மலைப் பேச்சுத்தான். எழுதியதற்கு மேல் யாராவது சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டால், "ரெண்டு எலை, ஒரு மொட்டு. அவ்வளவுதான் வசனம். முத்தல் எலையை எதுக்குடா புடுங்குற?" என்பார். எங்களில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு வரியை மூன்று தடவை அவர் சொல்வார், நாங்கள் மூன்று தடவை திருப்பிச் சொல்வோம். அதோடு விடமாட்டார். வாரநாள்களில் கான் ஆழத்தைப் பிரம்பால் அளந்துகொண்டே, தரையைப் பார்த்தபடி, "'யாரங்கே, இருளில் நிற்பது?'" என்று ராஜாவின் வசனத்தை எடுத்துவிடுவார். நான் மண்ணை அள்ளி வீசிக்கொண்டே கானுக்குள்ளிருந்து, "'நான்தான் பிரபு, தங்கள் தர்மபத்தினி'" என்று பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் பக்கத்து மலைக் கங்காணி இதைக் கேட்டுவிட்டார். அதற்குப் பிறகு மூன்று நாள் அந்த மனிதர் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அறுபதோ அறுபத்தொன்றோ, சரியாக நினைவில்லை. அந்த வருஷம் சபைக்கு ஆபத்து வந்தது. ஒத்திகைக்குப் போகிறவர்கள் திங்கட்கிழமை வேலையில் தூங்கி வழிகிறார்கள் என்று பெரியகிளாக்கர் துரையிடம் வத்தி வைத்துவிட்டார். தோட்ட ஆபீசுக்கே தலைமை அந்தப் பெரியகிளாக்கர். அவருக்கு எங்கள்மேல் கோபமில்லை, கண்டாக்கையாவின்மேல்தான் கண். படுதாவுக்குப் பின்னால் உத்தியோகஸ்தர் ஒருவர் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

துரை வெள்ளைக்காரர். நல்ல மனிதர், ஆனால் பேச்சு கத்தி வெட்டு. எங்களைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் தீர்ப்புச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம நான் நாடகம் பாக்கும். நல்லா இருந்தா, இருக்கட்டும். நல்லா இல்ல, நிப்பாட்டு. பிறகு நாடகம் கெடையாது."

நாடகத்தின் பெயர் 'நீதி தவறிய நெடுங்கோன்'. மந்திரியின் பேச்சைக் கேட்டு ராஜா குற்றமற்ற ராணியைக் காட்டுக்குத் துரத்துகிறான். ராணி படையோடு திரும்பி வருகிறாள். கடைசிக் கட்டத்தில் ராஜா அவள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். ராஜா வேஷம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற பழனியாண்டிக்கு. அவன் தொண்டையைத் திறந்தால் அடுத்த மலையில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பகல் இரண்டு மணிக்குப் பெரட்டுக் களத்து மண்மேடையில் ஆட்டம். மூன்றரைக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் ராஜாவும் தெரியமாட்டார், ராணியும் தெரியமாட்டாள்.

அன்றைக்குக் காலையில் மேடைக்குத் தோரணம் கட்ட மூங்கில் வெட்டப் போன பழனியாண்டி, மூங்கிலோடு சேர்த்துக் குளவிக் கூட்டையும் வெட்டிவிட்டான். பெரட்டுக் களத்துக்குப் பின்னால் நாங்கள் முகத்துக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு அவனை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். கண் இரண்டும் மூடிக் கிடந்தன. கீழுதடு மோவாய்வரை தொங்கியது. "ஹான் ஹடிப்பேன்" என்றான். நடிப்பேன் என்கிறான் என்று புரிந்துகொள்ளவே சற்று நேரம் பிடித்தது.

வெளியே தோட்டமே கூடி உட்கார்ந்திருந்தது. துரையும் துரைசாணியும் நாற்காலியில். அவர்களுக்குப் பின்னால் பெரியகிளாக்கர், கல்யாண வீட்டு மாப்பிள்ளையின் தகப்பன் மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டு.

கண்டாக்கையா எங்களைச் சுற்றிப் பார்த்தார். "ராஜா பாடம் யாருக்காச்சும் தெரியுமா?"

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காது. "ஒங்களுக்குத்தாங்கய்யா தெரியும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மந்திரி வேஷக்காரன் பதறிப்போய், "அடுத்த வாரம் வச்சுக்கலாம்னு தொரைகிட்டச் சொல்லலாங்கய்யா" என்றான்.

"அடுத்த வாரம்னு ஒண்ணு இல்லடா. கிளாக்கர் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காரு."

பிரம்பைக் கையில் ஒருதடவை உருட்டினார். பிறகு பிரம்பைச் சுவரில் சாத்திவிட்டு, குந்தி, சப்பாத்தைக் கழற்றினார். காலுறையைச் சுருட்டி இறக்கினார். அத்தனை வருஷத்தில் அவருடைய வெறுங்காலை அன்றைக்குத்தான் பார்த்தோம். வெயில் படாத வெள்ளைக் கால். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளில் செய்த கிரீடத்தை அவர் தலையில் வைத்தேன். மெதுவாகச் சொன்னேன். "ஐயா, கடைசியில மண்டி போடுற கட்டம் ஒண்ணு இருக்குங்கய்யா."

"எழுதுனவனுக்குத் தெரியாதாடா?"

"தொரை இருக்காருங்கய்யா, கிளாக்கர் இருக்காரு, சனம் பூரா இருக்கு. அதை வேணும்னா விட்டுறலாங்கய்யா."

"அதை விட்டா நாடகம் எங்கடா இருக்கு?"

திரை விலகியது. ராஜசபை. தளபதி, மந்திரி, காவலர் எட்டுப் பேர், நடுவில் கவிழ்த்த தேயிலைப் பெட்டி சிம்மாசனம், பக்கத்தில் நான். "ராஜாதி ராஜ நெடுங்கோன் வருகிறார்!" என்று கட்டியக்காரன் கூவினான். கண்டாக்கையா கம்பீரமாக நடந்து வந்தார்.

அவ்வளவுதான். காவலர் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். தளபதி வாளைக் கீழே போட்டுவிட்டு வரிசையில் போய் நின்றான். "சலாமுங்கய்யா" என்றான் மந்திரி. கீழே தரையில் உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் எழுந்து நின்றது. இவர்களையெல்லாம் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. இப்படிச் சொதப்புகிறார்களே என்று நினைத்தேன். அப்போதுதான் துரைசாணி என்னைக் காட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைக் கண்டேன். தலையில் குளிர்காற்றுப் பட்டது. கக்கத்தைப் பார்த்தேன். கிரீடமும் என் மனைவியின் இரண்டு முழச் சவுரியும் அங்கே இருந்தன. ராணி ஒட்ட வெட்டிய கிராப்போடு சபையில் நின்றுகொண்டிருந்தாள்.

சிரிப்பில் களமே அதிர்ந்தது. பெரியகிளாக்கர் மட்டும் சிரிக்கவில்லை; துரையின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். நாடகம் முடிந்தது, சபையும் முடிந்தது என்றுதான் நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கண்டாக்கையா நிதானமாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தார். அசையாத உதட்டிலிருந்து என் காதுக்கு மட்டும் வந்தது: "எடுத்து மாட்டுடா கழுதை." பிறகு வாய் திறந்து, களம் முழுக்கக் கேட்க முழங்கினார். "சபையோரே! நம் நாட்டில் இன்றுமுதல் எவரும் எவருக்காகவும் தலைப்பாகை கழற்ற வேண்டியதில்லை. இது அரச கட்டளை! எடுத்துக் கட்டுங்கள்!"

இது எழுதிய வசனத்தில் இல்லை. முத்தல் இலை பிடுங்கக் கூடாது என்று எங்களைத் திட்டியவர் கொத்தாக ஒடித்துப் போட்டார். காவலர்கள் தலைப்பாகையைக் கட்டினார்கள். நான் சவுரியை மாட்டினேன், அவசரத்தில் பின்னல் முன்பக்கம் வந்துவிட்டது. சனம் கைதட்டி உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நாடகம் தடையில்லாமல் ஓடியது. அப்படி ஒரு ராஜாவை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பழனியாண்டி கத்துகிற இடங்களில் இவர் குரலைத் தாழ்த்தினார், எல்லாரும் கழுத்தை நீட்டிக் கேட்டார்கள். படுதாவுக்குப் பின்னால் அத்தனை வருஷம் எப்படித்தான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ!

கடைசிக் கட்டம் வந்தது. மூடுபனி தொழிற்சாலைக் கூரைவரை இறங்கிவிட்டது. நான் படையோடு வந்து அவர் முன்னால் நின்றேன். என் வசனம் மூன்று வரி. 'மன்னா, குற்றமற்றவளைக் காட்டுக்கு அனுப்பினாய். நீதி இன்று என் பக்கம் நிற்கிறது. மண்டியிடு.' எத்தனையோ தடவை பழனியாண்டியிடம் கூசாமல் சொன்ன வரிகள்தான். அன்றைக்கு முதல் வார்த்தைகூட வாயில் வரவில்லை. மறந்துபோகவில்லை. என் பெயரைச் சொல்லி வேலை தருகிற மனிதரைப் பார்த்து எப்படிச் சொல்வது?

எடுத்துக் கொடுக்கிறவர் படுதாவுக்குப் பின்னால் இல்லை. என் எதிரில் கிரீடத்தோடு நின்றார்.

"'குற்றமற்றவளை'" என்றார், உதடு அசையாமல். சொன்னேன். "'நீதி இன்று என் பக்கம்.'" சொன்னேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். துரை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். கிளாக்கர் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார்.

"'மண்டியிடு'ன்னு சொல்லுடா."

நான் தலையை ஆட்டினேன், முடியாது என்று.

"சொல்லுடா ராக்கப்பா. நான் சொல்றேன்ல?"

"மண்டியிடு" என்றேன். சத்தம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அவர் மண்டியிட்டார். பழனியாண்டி ஒத்திகையில் செய்வதுபோல ஒரு காலை மட்டும் மடக்கி ஒப்பேற்றவில்லை. இரண்டு முழங்காலும் தரையில் பட, கிரீடத்தைக் கழற்றி என் காலடியில் வைத்தார். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிழை செய்தேன். பொறுத்தருள வேண்டும்" என்றார். கொழுந்து எடுக்கிற காத்தாயி அக்கா மட்டும் தாங்கமுடியாமல் எழுந்து, "ஐயோ, போதுங்கய்யா, எந்திரிங்க! ஈரத்தரை, முட்டியெல்லாம் சேறாயிரும்!" என்று கத்தினார். யாரும் சிரிக்கவில்லை. நான் நிஜமாகவே அழுதேன். முகத்தில் பூசிய வெள்ளை கழுத்துவரை வழிந்தது.

துரை மேடைக்கு வந்தார். கண்டாக்கையா வெறுங்காலோடு, முழங்காலில் சேற்றோடு நிமிர்ந்து நின்றார். அவர் வேலை போய்விடுமோ என்று பயந்தோம்.

"கண்டக்டர், ராஜா ரொம்ப நல்லா" என்றார் துரை. "ஆனா ராணிக்கு ஏன் மொட்டத் தல?"

"அந்த நாட்டு வழக்கம், சேர்" என்றார் கண்டாக்கையா, கண்ணிமைக்காமல்.

துரை விழுந்து விழுந்து சிரித்தார். "நாடகம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியகிளாக்கர் எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் உத்தியோகஸ்தர் கிளப்பில் யாரும் கண்டாக்கையாவோடு சீட்டாட உட்காரவில்லை என்று கேள்விப்பட்டோம். அவர் அந்த நேரத்தில் அடுத்த நாடகத்தை எழுதினார்.

மறுநாள் காலைப் பெரட்டுக்கு நான் காலை இழுத்துக்கொண்டுதான் போனேன். கண்டாக்கையா சப்பாத்து, காலுறை, பிரம்பு எல்லாவற்றோடும் நின்றார். என் பெயரைக் கூப்பிட்டார். வழக்கம்போல என் கை தலைத்துண்டுக்குப் போனது.

"நேத்துக் கழட்டுனது போதும். கட்டிக்க" என்றார், செக்ரோல் பெயர்ப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ஏழாம் நம்பர் மலை, கான் வெட்டு. அடுத்தவன் யாரு?"

நான் கட்டிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவன் கழற்றவா வேண்டாமா என்று திருதிருவென்று விழித்தான். கழற்றவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் எங்கள் பெரட்டில் ஒருவரும் கழற்றுவதில்லை என்றாகிவிட்டது. அவரும் கேட்கவில்லை.

மூன்று நான்கு வருஷம் கழித்து உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அவரை மாற்றிவிட்டார்கள். வழியனுப்பச் சபை முழுவதும் தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் போனோம். பேசுவதற்கு என்னைத்தான் தள்ளிவிட்டார்கள், ராணி அல்லவா! இரண்டு நாள் யோசித்து நல்ல வசனமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். பஸ் உறுமத் தொடங்கியது. அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். நான் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். அன்றைக்கு அது தானாக நடக்கவில்லை; நானாகத்தான் அவிழ்த்தேன். வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். உதடு அசையவில்லை.

"'போயிட்டு வாங்க'ன்னு சொல்லுடா."

சொன்னேன்.